அப்பாவின் வேட்டியில் நீலக் கறை

மோனை,

நேற்று நீ கலியாணப் படங்களை அனுப்பிவிட்டுப் போனில் கேட்ட கேள்விக்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் உன் அப்பா பக்கத்துக் கதிரையில் பேப்பர் வாசிப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தார். மரண அறிவித்தல் பக்கத்தை அவ்வளவு நேரம் சிரித்த முகத்தோடு வாசிக்கிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவர் காதுபடக் கதை சொன்னால் ஒவ்வொரு வசனத்துக்கும் திருத்தம் சொல்லுவார். அதனால்தான் கடிதம். எழுத்துக்கு நடுவில் குறுக்கே பேச அவரால் ஏலாது.

நீ கேட்டது இதுதானே: “அம்மா, தாலி கட்டின பிறகு எடுத்த குடும்பப் படத்திலை அப்பாவின்ரை வேட்டியிலை நீலமா ஒண்டு கிடக்கு. படக்காரன் கம்பியூட்டரிலை அழிச்சுத் தாறனெண்டு சொல்லுறான். அழிக்கச் சொல்லட்டே?” பொறு மோனை. அழிக்க முதல் இதை வாசி. உன் பெண்சாதியையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு வாசி. அவள் இந்தக் குடும்பத்துக்குப் புதிது. எதற்குள் வந்து விழுந்திருக்கிறாள் என்று பிள்ளை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கதை உன் கலியாண எழுத்து நாளில், பதிவுத் திருமணத்தன்று, தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் பெண் வீட்டில் பதிவாளர் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்க, வேலணையிலிருந்து புறப்பட்ட நாங்கள் பண்ணைப் பாலத்தின் நடுவில் நின்றோம். நம்முடைய சீமாட்டி கொதித்துவிட்டாள். (மருமகளே, சீமாட்டி என்பது உன் மாமாவின் கார். இங்கிலாந்தில் பிறந்து கப்பலேறி வந்தவள். என்னைவிட வயது கூட, என்னைவிட மரியாதையும் கூட.) பொனற் இடுக்கால் வெள்ளையாக ஆவி போகிறது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டும்வரை தண்ணீர், நடுவில் தண்ணீரில்லாத கார். நீ புதுச் சட்டையோடு வாளி தேடி ஓடினாய். பெண் வீட்டுச் சொந்தக்காரர் இரண்டு வான் வண்டியில் எங்களைக் கடந்துபோகும்போது கை காட்டினார்கள். நான் திருப்பிக் கை காட்டினேன், வேறென்ன செய்வது? நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காரின் கொதிப்பு அடங்கியிருந்தது. சம்பந்தியின் கொதிப்பு பலகாரத் தட்டு வந்த பிறகும் அடங்கவில்லை.

அதற்குப் பிறகு நீ கொழும்பிலிருந்து எடுத்த போன் நினைவிருக்கிறதா? “அப்பா, கலியாணத்துக்கு ஏசி வான் ஒண்டு பிடிச்சிட்டன். நீங்கள் கார் ஓடிக் கஷ்டப்பட வேண்டாம். மாப்பிள்ளையின்ரை தேப்பன், ராசா மாதிரிப் பின்னாலை இருந்து வாங்கோ.” நீ அன்பாகத்தான் சொன்னாய். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். “ஓம் தம்பி, நல்லது” என்று போனை வைத்தார். பிறகு கொட்டிலுக்குப் போய், சீமாட்டியின் சாரதி ஆசனத்தில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டார். எஞ்சினைத் தொடவில்லை. நான் தேத்தண்ணி கொண்டுபோய், “என்ன, எங்கை பயணம்?” என்று கேட்டேன். “சும்மா” என்றார். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள் நான். அவருடைய சும்மாவில் எத்தனை வகை உண்டென்று எனக்குத் தெரியும். இது கெட்ட சும்மா.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுகிறேன். கண் மங்கிக்கொண்டு வருகிறது, இந்த முறை லைசன்ஸ் புதுப்பிக்கப் போவதில்லை, தம்பியின் கலியாணத்தோடு ஸ்டியரிங்கை விட்டுவிடுகிறேன் என்று அவர் எனக்கு மட்டும் சொல்லியிருந்தார். வாடகைக் கார் ஓடிய காலத்தில் இந்தப் பக்கத்து மாப்பிள்ளைமார் எத்தனை பேரை அந்தப் பின் ஆசனத்தில் ஏற்றிப்போனார் என்று அவருக்கே கணக்கில்லை. வெட்கத்தில் வியர்த்தவன், வழியிலே வாந்தி எடுத்தவன், பாதியில் இறங்கி ஓடப் பார்த்தவன், எல்லாரையும் மணவறைவரை கொண்டுபோய்ச் சேர்த்தவர். கடைசி ஓட்டம் உன்னோடு என்று மனதுக்குள் நேர்ந்து வைத்திருந்தார். அதைத்தான் நீ ஏசி போட்டுக் குளிர்ப்பித்துவிட்டாய்.

சரி, காரைத் திருத்தினால் முடிந்தது என்று நீ நினைப்பாய். திருத்துவதற்கு முதல் பழுது என்று ஒப்புக்கொள்ளவேண்டுமே! “கார் ஒழுகேல்லை. பாரும், நிலம் காய்ஞ்சு கிடக்கு. அவள் கொஞ்சம் கூடத் தண்ணி குடிக்கிறாள், வயசு போனா அப்பிடித்தான்” என்பார். தண்ணியடிக்காத சாரதிக்குத் தண்ணியடிக்கிற கார் வாய்த்தது என்று நான் சொன்னால் முறைப்பார். ஆனால் விடியக்காலையில், நான் எழும்ப முதல், வளவுக் கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்கும். பிறகு கொட்டில் கதவு. பிறகு றேடியேற்றருக்குள் தண்ணீர் விழும் களகள. பிறகு ஒன்றும் நடக்காத முகத்தோடு வந்து பாயில் படுத்துவிடுவார், காற்சட்டை முழங்கால்வரை நனைந்திருக்க. மோனை, உன் அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவருடைய உடுப்புக்குச் சுத்தமாகத் தெரியாது.

நானும் என் பங்குக்குத் தேடிப் பார்த்தேன். சீமாட்டிக்குக் கீழே பழைய பேப்பர்களை விரித்து வைத்தேன். காலையில் பார்த்தால் பேப்பர் பொரித்த அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று கிடக்கிறது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. “நான் சொன்னனான் எல்லே!” அந்தப் பெருமையைக் கெடுக்காமலேயே, பழசாகிப் போனது என்று சாட்டுச் சொல்லி, ரப்பர் குழாய்களை மாற்றவைத்தேன். றேடியேற்றரை யாழ்ப்பாணம் கொண்டுபோய் ஈயம் வைத்து ஒட்டவைத்தேன். என்ன செய்தும் விடியக்காலை வாளிச் சத்தம் நிற்கவில்லை. கலியாண நாள் நெருங்குகிறது. உன் வான்காரன் முற்பணம் வாங்கிவிட்டான். அவர் கொட்டிலில் இருந்து சும்மா சும்மா என்று சும்மாவைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. உன் பள்ளிக்கூடச் சட்டைகளை வெளுக்க நான் அப்போது போட்ட நீலம் இருக்கிறதே, அந்தப் போத்தலை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போனேன். அவர் சந்தைக்குப் போயிருந்தார். றேடியேற்றர் மூடியைத் திறந்தேன். முதலில் கொஞ்சம்தான் விடுவதாக இருந்தது. பிறகு, சீமாட்டி பெரிய உடம்புக்காரி, கொஞ்சம் காணாது என்று முழுவதையும் விட்டேன். மூடியைப் பூட்டினேன். நல்ல பிள்ளையாக வந்து முருங்கைக்கீரை உருவினேன்.

அடுத்த நாள் விடியவே வாளிச் சத்தம். கொட்டில் கதவு. பிறகு களகளவைக் காணோம். அதற்குப் பதிலாக அவர் போனில் மெல்லிய குரலில் பதறுவது கேட்டது. “செபமாலை, உடனை வா. சீமாட்டியின்ரை தண்ணி நீலமாப் போச்சு. ஓமடா, நீலம். நான் ஏன் குடிக்கப்போறன் விடியக்காலமையிலை?” செபமாலை அண்ணையை நீ மறந்திருக்கமாட்டாய். ஊர்காவற்றுறையில் படகு எஞ்சின் பூட்டிக் கழற்றுகிறவர். உன் அப்பாவை ‘டேய்’ என்று கூப்பிட உரிமையுள்ள கடைசி மனிதர். மோட்டார் சைக்கிளில் வந்தார். குனிந்து பார்த்தார், விரலை விட்டார், மணந்து பார்த்தார். “டேய், உது வருத்தமில்லை. உது எங்கடை வீட்டிலை சட்டைக்குப் போடுற சாமான்.” இரண்டு பேரும் மெல்லத் திரும்பிக் குசினி வாசலைப் பார்த்தார்கள். நான் மிகவும் கவனமாகத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன்.

“இஞ்சாரும்! காருக்கு நீலம் போட்டனீரே? விசரே உமக்கு?”

“தண்ணி எந்த வழியாலை போகுதெண்டு பாக்கத்தான்.”

“தண்ணி ஒரு வழியாலையும் போகேல்லை எண்டு நான் சொன்னனான்.”

“அப்ப நல்லதாப் போச்சு. போகேல்லையெண்டால் நீலமும் உள்ளுக்கைதானே கிடக்கும். நீங்கள் ஏன் பதறுறியள்?”

செபமாலை அண்ணை சிரித்த சிரிப்பில் கொட்டில் கூரையிலிருந்த காகம் எழும்பிப் பறந்தது. உன் அப்பா பாடுதான் சங்கடம். கோபப்பட்டால் ஒழுக்கை ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒப்புக்கொள்ளாவிட்டால் கோபப்படக் காரணமில்லை. மனிதர் அப்படியே நின்றார், இரண்டு கியருக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மாதிரி. கடைசியில் சாவியை எடுத்தார். “ஏறுங்கோ ரெண்டு பேரும். ஓடிப் பாப்பம். ஒழுகேல்லையெண்டால் ரெண்டு பேரும் மன்னிப்புக் கேக்கவேணும்.”

ஊர்காவற்றுறைவரை ஓடித் திரும்பினோம். வந்து பார்த்தால் நிலம் காய்ந்தபடிதான். ஆனால் தண்ணீர் குறைந்திருந்தது. உன் அப்பாவின் முகத்தில் வெற்றியும் தோல்வியும் ஒரே நேரத்தில் வந்தன. செபமாலை அண்ணைதான், “எஞ்சினை நிப்பாட்டாதை. ஆறின பிறகு பாத்தால் எல்லாரும் நல்ல பிள்ளையள்தான். சூட்டிலை பாக்கவேணும்” என்றார். நான் என் பவுடர்க் கண்ணாடியை அகப்பைக் காம்பில் கட்டிக்கொண்டு வந்தேன். எஞ்சினுக்கும் புகைக்குழாய்க்கும் நடுவில், கண் போகாத இடுக்குக்குள், அகப்பையை நீட்டி ரோச் லைற் அடித்தோம். கண்ணாடியில் தெரிந்தது.

எஞ்சினின் இரும்பு உடம்பில் ஒரு வட்டத் துளையும், அதை அடைத்தபடி தட்டையான தகர மூடியும் இருந்தன. அந்த மூடியைச் சுற்றி உப்புப் பூத்திருந்தது. உப்பளத்து ஓரத்தில் பார்ப்பாயே, அதே பூப்பு. ஆனால் இது நீலம். கத்தரிப்பூ மாதிரி வெளிறிய நீலம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடியின் ஓரத்திலிருந்து ஊசி முனை அளவு தண்ணீர் சீறியது, கொதிக்கும் புகைக்குழாயில் பட்டது, ‘ஸ்ஸ்’ என்று காணாமல் போனது. நிலத்துக்கு ஒரு சொட்டும் வரவில்லை. வந்தால்தானே பேப்பர் நனைய! இவ்வளவு காலமும் எங்கள் சீமாட்டி யாருக்கும் தெரியாமல், சூடு ஏறினால் மட்டும் அழுது, அந்தக் கண்ணீரை அந்தச் சூட்டிலேயே காயவைத்திருக்கிறாள். அன்று மட்டும் அவள் வடித்தது அசல் நீலிக்கண்ணீர்.

எஞ்சின் ஆறிய பிறகு செபமாலை அண்ணை அந்தப் பூவை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். “உப்படா!” என்று துப்பினார். ஆலகாலத்தை உண்டவருக்குக் கழுத்தில் நின்றது, எங்கள் செபமாலை அண்ணைக்கு நாக்கிலேயே நின்றுவிட்டது. அந்த நீல நாக்கோடுதான் விசாரணையைத் தொடங்கினார்.

“எந்தத் தண்ணியடா ஊத்துறனி?”

“வளவுக் கிணத்துத் தண்ணி.”

“அது உவரெல்லே?”

“பின்னை? குடிக்கிற தண்ணியை ஆரும் காருக்கு ஊத்துவினமே?”

“டேய், கடலுக்கை ஓடுற எஞ்சினுக்கு நான் ஒவ்வொரு நாளும் நல்லதண்ணி விட்டுக் கழுவுறன். தரையிலை ஓடுற எஞ்சினுக்கு நீ கடலைக் கொண்டுவந்து ஊத்துறாய். தகரம் என்ன செய்யும், பாவம்?”

நான் சிரிக்கவில்லை மோனை. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு நானும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டில் நல்லதண்ணி என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். தண்ணீர் ஏற்றிவரும் பவுசர் வண்டி வரும் நாள் பார்த்து, குடத்தோடு நின்று, பிடித்து, துணி கட்டி மூடி வைப்பது. அது குடிக்கவும் சமைக்கவும் மட்டும். குளிப்புக்கு உவர், உடுப்புக்கு உவர், மாட்டுக்கு உவர், செவ்வரத்தைச் செடிக்கு உவர். நீ சின்னவனாக இருந்தபோது புதுச் சைக்கிளை நல்லதண்ணியில் கழுவிவிட்டு, அப்பா அதட்ட, “சைக்கிளுக்கும் தாகமெல்லே” என்று சொல்லி அடி வாங்கினாயே. அந்த அடி தவறு. சைக்கிள் சார்பாக இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

திருத்தின கதையையும் கேள். புகைக்குழாயைக் கழற்றவேண்டும். அதன் நட்டுகள் துருப்பிடித்து எஞ்சினோடு கலியாணம் கட்டியிருந்தன. எண்ணெய் விட்டு ஊறவைத்து, கெஞ்சி, பேசி, ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். தகர மூடியின் ஒரு ஓரத்தில் செபமாலை அண்ணை உளியை வைத்துத் தட்ட, அது பப்படம் மாதிரி உள்ளே நொறுங்கியது. துளைக்குள்ளிருந்து புளிக்குழம்பு நிறத்தில் சேறு வடிந்தது. அதை வழித்து, கழுவி, கழுவின தண்ணீர் தெளியும்வரை கழுவினோம். செபமாலை அண்ணை யாழ்ப்பாணத்தில் கடைசல் பட்டறையில் அளவு கொடுத்துப் பித்தளையில் ஒரு மூடி செய்வித்துக்கொண்டு வந்தார். ஒன்றுதான். அதைத் துளையில் நேராக வைத்து, ஒரு பக்கம் சாயாமல், ஒரே சீராகத் தட்டி இறக்கவேண்டும். கோணினால் பித்தளை நெளிந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. கலியாணத்துக்கு அதற்கெல்லாம் நாளில்லை.

உன் அப்பா சுத்தியலை எடுத்தார். மூடிக்கு நேரே பிடித்தார். கை ஆடியது. கீழே வைத்தார், கையை உதறினார், மறுபடி எடுத்தார். மறுபடியும் ஆடியது. செபமாலை அண்ணை வானத்தில் ஏதோ பறவை பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். நல்ல சிநேகிதன் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும். உன் அப்பா என்னைப் பார்த்தார். “இஞ்சாரும். உம்மடை கை ஆடாது. அடியும்.”

அந்தக் காரில் ஒரு துடைக்கிற துணியைக்கூட என்னிடம் தந்தறியாதவர் மோனை. நான் சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தேன். என் காப்பு இரும்பில் இடிபட்டுக் கிணுகிணுவென்றது. அவர் அதைப் பக்குவமாகக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். இரண்டு விரலால் மூடியை நேராகப் பிடித்தார். “என்ரை விரலைப் பாத்து…” “உங்கடை விரல் எனக்கு வேணும், பயப்படாதையுங்கோ.” செத்தல் மிளகாய் இடித்துப் பழகிய கை. டொக், டொக், டொக். பித்தளை தாம்பாளம் மாதிரி நேராக உட்கார்ந்தது. செபமாலை அண்ணை பறவையை விட்டுவிட்டு வந்து பார்த்து, “தங்கச்சி, நாளைக்கு எங்கடை படகு வாடிக்கு வா, வேலை கிடக்கு” என்றார்.

எல்லாம் பூட்டின பிறகுதான் பெரிய சோதனை வந்தது. தண்ணீர் நிரப்பவேண்டும். நான் குசினிக்குள் போய், துணி கட்டின குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன். உன் அப்பா குடத்தைப் பார்த்தார், றேடியேற்றரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “முழுக்குடமுமோ?” “ஓம்.” “அது குடிக்கிற தண்ணி.” “அவளும் குடிக்கத்தான் போறாள்.” நான் ஊற்ற ஊற்ற, கோயிலில் பாலாபிஷேகம் பார்க்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசித் துளி போனதும், “இண்டைக்குப் பின்னேரம் எங்களுக்குத் தேத்தண்ணி இல்லைப் போலை” என்றார். இல்லைத்தான். இளநீர் குடித்தோம்.

புத்தி சொல்லாமல் கடிதம் எழுதினால் தாய் என்று ஒருவரும் நம்பமாட்டார்கள். அதனால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் இரண்டு பேரும். அன்றைக்கு இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று பட்டது. நாங்கள் தண்ணீரில் மட்டும் அப்படியில்லை. வாயிலும் அப்படித்தான். வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்கு, கடைக்காரனுக்கு, விதானையாருக்கு எல்லாம் துணி கட்டி வைத்த நல்லதண்ணிச் சொல். நாள் முழுக்கப் பக்கத்தில் ஓடுகிற மனிதருக்கு வளவுக் கிணற்று உவர். ‘தின்னுங்கோ’, ‘தள்ளுங்கோ’, ‘உங்களுக்கு ஒண்டும் தெரியாது’. ஒவ்வொரு நாளும் ஒரு வாளி. அது அன்றைக்கே ஒன்றும் செய்யாது. நிலம் காய்ந்தபடிதான் கிடக்கும். சூடு ஏறுகிற நாளில், அதுவும் ஊரெல்லாம் பார்க்கப் பாலத்தின் நடுவில்தான், தெரியவரும். ஆகவே நல்லதில் கொஞ்சம் வீட்டுக்குள்ளேயும் செலவழியுங்கள். பவுசர் திரும்ப வரும். மருமகளே, இவன் “சும்மா” என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடாதே. தகப்பனின் பிள்ளை. கண்ணாடியை அகப்பையில் கட்டிக்கொண்டு போய்ப் பார். இவன் கோபித்தால் நீலம் இருக்கிறது. எவ்வளவு விடவேண்டும் என்று நான் சொல்லித்தருகிறேன்.

சரி, கலியாண நாளுக்கு வருகிறேன். தலையில் பாலறுகு வைத்து, தோயவார்த்து, தலைப்பாகை கட்டி நீ வாசலுக்கு வரும்போது படலையில் இரண்டு வாகனம் நின்றது. முன்னால் ஏசி வான், இரைந்துகொண்டு. பின்னால் சீமாட்டி, மல்லிகை மாலை போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல். நாங்கள் உனக்கு ஒன்றுமே சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அவர் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். “கேட்டு ஏத்தக்கூடாது. கேட்டால் அவன் எனக்காக ஓமெண்டுவான்.” நீ அவரைப் பார்த்தபோது, “வானிலை ஏறு தம்பி, வெக்கை” என்றார். சாவி இருந்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். நீ அந்தக் கையைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “கொதிக்குமே அப்பா?” என்று கேட்டாய். “கொதிச்சால் வான் பின்னாலை வருது” என்றார். நீ வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் சீமாட்டியில் ஏறினாய். அதுவும் முன் ஆசனத்தில், அவருக்குப் பக்கத்தில். “மாப்பிள்ளை பின்னாலை இருக்கவேணுமடா!” என்று உன் பெரியப்பா கத்தினார். தலைப்பாகை கூரையில் இடிக்க, நீ காது கேளாதவன் மாதிரி இருந்தாய். அதற்காக உனக்கு நான் இதுவரை ஒன்றும் தரவில்லை. இந்தக் கடிதத்தில் ஒரு முத்தம் இருக்கிறது, மை காய முதல் எடுத்துக்கொள்.

பிறகு பண்ணைப் பாலம். எழுத்தன்று நின்றோமே, அதே இடத்தில் அவர் காரை ஓரங்கட்டினார். உனக்கு முகம் போன போக்கை நான் பின்னாலிருந்து கண்ணாடியில் பார்த்தேன். நீ மணிக்கூட்டைப் பார்த்தாய். பின்னால் வந்த வானிலிருந்து பெரியப்பா, “நான் சொன்னனான் எல்லே!” என்று இறங்க ஆயத்தமானார். அப்பா இறங்கி பொனற்றைத் தூக்கினார். ஆவியில்லை, புகையில்லை. நீ இருந்த இடத்திலிருந்து உனக்குப் பொனற்றின் முதுகுதான் தெரிந்திருக்கும். நான் இறங்கிப் போய்ப் பார்த்தேன்.

அவர் பட்டு வேட்டியின் தலைப்பை விரலில் சுற்றி, சூட்டுக்குப் பயந்து பயந்து, புகைக்குழாய்க்குப் பின்னால் விட்டு, அந்தப் பித்தளை மூடியைச் சுற்றித் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் ஒழுகவில்லை ஒழுகவில்லை என்று சாதித்த அதே மனிதர், மாப்பிள்ளையை நடு ரோட்டில் நிறுத்திவிட்டு, ஊரெல்லாம் பார்க்க, ஒழுகுகிறதா என்று தானாகத் தேடிக்கொண்டிருந்தார். விரலை வெளியே எடுத்தார். தலைப்பு காய்ந்திருந்தது. இரும்பு இடுக்கில் மிச்சமிருந்த நீலம் மட்டும் அதில் ஒட்டியிருந்தது. “பாரும்” என்று எனக்கு நீட்டினார். “ஈரமில்லை.” நானும் தொட்டுப் பார்த்தேன். ஈரமில்லைத்தான். பாலத்தில் நின்று இரண்டு பேரும் விசரர் மாதிரிச் சிரித்தோம். காற்றில் உனக்குக் கேட்டிருக்காது. நாங்கள் வந்து ஏற, “என்னப்பா?” என்று நீ கேட்டாய். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “சும்மா.” அது நல்ல சும்மா.

மண்டபத்தில் இறங்கும்போது நான்தான் சொன்னேன், கறையை உள்ளே மடித்துவிடுங்கோ என்று. உன் மாமனாரும் வேறு வேட்டி தர ஆளனுப்பினார். உன் அப்பா, “கிடக்கட்டும்” என்றார். படம் எடுக்கும்போது, வடிவாகப் பார், அந்தத் தலைப்பைத் தானாக முன்னுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறார். மகனின் கலியாணத்தில் மனிதர் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார் என்று சம்பந்தி வீட்டார் சொன்னார்களாம். அது பாதிக் காரணம்தான்.

ஆகவே மோனை, அந்த நீலத்தில் படக்காரன் கை வைக்கக்கூடாது. அழித்தே தீருவேன் என்று அவன் நின்றால் என் தாடைக்குக் கீழே தொங்குவதைக் கொஞ்சம் அழிக்கச் சொல். அதற்கு நான் தடை சொல்லமாட்டேன்.

அவர் சொன்னபடி லைசன்ஸைப் புதுப்பிக்கவில்லை. ஆனால் இப்போதும் விடிய எழும்பி றேடியேற்றர் மூடியைத் திறந்து பார்க்கிறார். தண்ணீர் வைத்த மட்டத்திலேயே நிற்கிறது. அதைத் தனியாகப் பார்க்க மனமில்லாமல், “இஞ்சாரும், வந்து பாரும்” என்று என்னையும் எழுப்புகிறார். அப்படி ஒருநாள் எழுப்பினபோது, எழும்பினது எழும்பியாயிற்று என்று நான் சாரதி ஆசனத்தில் ஏறி இருந்துவிட்டேன். இறங்கச் சொல்லுவார் என்று நினைத்தேன். மற்றப் பக்கத்தால் ஏறிக் கதவைச் சாத்தினார். அடுத்த கிழமை எனக்கு லைசன்ஸ் சோதனை. தைப்பொங்கலுக்கு நீங்கள் இரண்டு பேரும் வரும்போது யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நில்லுங்கள், நான் வந்து ஏற்றுகிறேன். கார் கொதிக்காது. கொதிக்கிறவர் எனக்குப் பக்கத்தில் இருப்பார்.

உன்,
அம்மா